சட்டி மூடியின் இரண்டு பாதி

பதினாறு வயது வரைக்கும் "கடல் பக்கம் போனே, காலை ஒடிச்சிடுவேன்" என்று மிரட்டிய அம்மாதான், இப்போது தினமும் விடியுமுன்னே ஆர்மண்டின் போர்வையை உருவிப் போட்டு அவனைக் கடலுக்குத் துரத்திக்கொண்டிருந்தாள். காலம் அப்படிக் கெட்டுப்போய்க் கிடந்தது.

"எழுந்திருடா. விடிய விடிய காலை நீட்டிப் படுத்திருந்தா இருக்கிறதும் வடிஞ்சு போயிடும். போய் மண்டி போடு."

"வெளியே ஒரே பனிமூட்டம்மா. அலையே கண்ணுக்குத் தெரியாது."

"அலை எதுக்குடா உனக்கு? முட்டிதானே வேணும்."

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆர்மண்ட் சில்வெய்ராவுக்கு இரண்டு முழங்காலுக்குக் கீழேயும், இரண்டு புறங்காலிலும், அவித்த முட்டையைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி காய்ப்புகள் இருந்தன. சான் டியாகோவை ஒட்டிய பாயிண்ட் லோமாவில், பலகையில் அலையேறுகிற பையன்கள் எல்லாருக்குமே உண்டு. பத்தடிப் பலகையில் மண்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளித் தள்ளி வருஷக்கணக்காகப் போய்வந்தால், எலும்பின்மேல் சதை அப்படித் திரண்டு கெட்டிப்பட்டுவிடும். பெண்கள் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். பையன்கள் அதைப் பதக்கம்போலக் காட்டிக்கொண்டு திரிவார்கள்.

போன ஆகஸ்டில் அது பதக்கத்தைவிடப் பெரிய சமாச்சாரமாகிவிட்டது. கட்டாயமாகப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் பரிசோதனைக்கு லாஸ் ஏஞ்சலஸ் போயிருந்தான். டாக்டர் ஒரு ஜோடி பூட்ஸை நீட்டி, மாட்டிப் பார் என்றார். புறங்கால் புடைப்பு இடித்துக்கொண்டு நாடாவே கட்ட முடியவில்லை. "பூட்ஸ் போட முடியாதவனை வச்சுக்கிட்டு நான் என்னப்பா பண்றது? பிப்ரவரியில திரும்பி வா, பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார்.

ஆக, புடைப்பு இருந்தால் வீடு. வடிந்தால் வியட்நாம். அடுத்த தெருவில் மச்சாடோ வீட்டு எட்வின் கொடி போர்த்திய பெட்டியில் வந்து இறங்கியதிலிருந்து அம்மா ஒலிண்டாவுக்கு வேறு நினைப்பே கிடையாது. புருஷன் சூரை மீன் பிடிக்கும் கப்பலில் பெரு நாட்டுப் பக்கம் மாசக்கணக்கில் கிடந்தான். கவலைப்படுவதற்கும் கத்துவதற்கும் அவள் ஒருத்திதான். வெள்ளிக்கிழமை தோறும், மீனை டின்னில் அடைக்கும் ஆலையிலிருந்து வந்த கையோடு, மகனை நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டைவிரலால் புடைப்பை அழுத்திப் பார்ப்பாள். சூரை நல்லதா கெட்டதா என்று இருபது வருஷமாக அழுத்திப் பார்த்த விரல் அது. அதை ஏமாற்ற முடியாது.

"கல்லு மாதிரி இருக்கு" என்பாள். அந்த வாரம் வீட்டில் நிம்மதி.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, வென்டல் ஹார்க்னஸ் தன் கார் கொட்டகையில் அந்தப் பலகையைச் செதுக்கும் வரைக்கும்.

வென்டலுக்குப் பிறவியிலேயே ஒரு கண் மங்கல். பட்டாளம் அவனை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அவன் ஒருத்தன்தான் ஊரில் அலையின்மேல் எழுந்து நிற்காமல் மண்டி போட்டே போகிறவன். ஐந்தடிப் பலகை ஒன்றை வைத்துக்கொண்டு, காலில் வாத்துக்கால் மாதிரி ரப்பரை மாட்டி, குப்புறப் படுத்து உதைத்துக்கொண்டு வருவான். அலை கிடைத்ததும் சட்டென்று முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொள்வான். "ஜெபம் முடிஞ்சுதா வென்டல்? முடிஞ்சா கொஞ்சம் நகரு" என்று பையன்கள் ஓட்டாத நாளில்லை. அவன் எதற்கும் பதில் சொல்ல மாட்டான். ஆனால் மண்டையில் ஏதோ ஓடிக்கொண்டே இருக்கும்.

நவம்பர் மாதம் ஒருநாள், உடைந்த நீளப் பலகை ஒன்றின் மேல்தோலை உரித்துவிட்டு, உள்ளே இருந்த ஃபோமை இழைத்துக் குட்டையாக, அகலமாக, வாலைப் பிளந்து மீன்வால் மாதிரி ஆக்கி வைத்திருந்தான். ஆர்மண்ட் வேலை பார்த்தது படகு கட்டும் பட்டறையில். பலகைமேல் ஒட்டிப் பூசுகிற ரெசினும் ஃபைபர் கிளாஸும் அவன் தயவில்தான் வரும். அதனால் எந்தக் கிறுக்குத்தனமானாலும் வென்டல் முதலில் அவனைத்தான் கூப்பிடுவான்.

"வால் இத்தனை அகலமா இருந்தா வழுக்கிட்டுப் போயிடாதா?" என்றான் ஆர்மண்ட்.

"போகுது. அதான் தலைவலி."

பலகைக்கு அடியில், வாலோரம், தண்ணீரைப் பிடித்துக்கொள்ள மீனுக்கு இருப்பதுபோல ஒரு செட்டை இருக்கும். ஒன்றே ஒன்று, நட்டநடுவில். ஊரில் இருந்த பலகை அத்தனைக்கும் அப்படித்தான்.

வென்டல் பலகையை நிமிர்த்திக் காட்டினான். "அகலம் இருந்தாத்தான் வேகம். ஆனா அகலமான வாலை ஒரு பக்கம் சாய்ச்சா, நடுவில இருக்கிற செட்டை தண்ணியை விட்டு மேலே வந்துடுது. காத்தில தொங்கிட்டு இருந்தா அது எதைப் பிடிக்கும்?"

"அப்ப ஓரத்துக்குக் கொண்டு போ."

"எந்த ஓரத்துக்கு?"

"ரெண்டுக்கும்தான்" என்றான் ஆர்மண்ட், கிண்டலாக.

வென்டல் சிரிக்கவில்லை. நல்ல கண்ணால் அவனை உற்றுப் பார்த்தான். இரண்டு செட்டை வைத்த பலகையை அவர்கள் கேள்விப்படாமல் இல்லை. இரண்டாம் உலகச் சண்டைக்குப் பிறகு வடக்கே யாரோ செய்து பார்த்ததாகப் பெரிய ஆட்கள் பேச்சுவாக்கில் சொல்வார்கள். இப்போது அதைத் தொடுவார் இல்லை. அது வேலைக்கு ஆகாது என்று எல்லாருமே முடிவுகட்டியிருந்தார்கள், ஓட்டிப் பார்க்காமலே.

முதலில் நீளப் பலகைகளிலிருந்து கழற்றிய இரண்டு பெரிய செட்டைகளை ஒட்டினார்கள். வென்டல் போய்விட்டு, பாசிக்கொடி கழுத்தில் சுற்ற, காறித் துப்பிக்கொண்டு திரும்பி வந்தான்.

"வழுக்கலை. ஆனா திரும்பவும் மாட்டேங்குது. விட்டிருந்தா மெக்சிகோவில கொண்டுபோய் இறக்கியிருக்கும்."

இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தார்கள். செட்டை தண்ணீருக்குள் இறங்கும் ஆழம் குறைந்தால் பலகை திரும்பும். ஆழம் குறைந்தால் பிடிப்பும் குறையும். அப்படியானால் உயரத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டினால் என்ன? ஆர்மண்ட் பட்டறையிலிருந்து, படகின் இரைமீன் தொட்டிக்கு மூடி செய்தது போக மிஞ்சிய ப்ளைவுட் துண்டைக் கொண்டுவந்திருந்தான். வளைவு போட ஒன்றும் அகப்படவில்லை. வீட்டுக்கு ஓடி, அம்மா சூப்பு வைக்கும் சட்டியின் மூடியைத் தூக்கி வந்தான். அதை வைத்து வட்டம் போட்டு, வெட்டி, அந்த வட்டத்தை நடுவில் ரம்பத்தால் அறுத்தான். இரண்டு அரைநிலாக்கள் கையில் வந்தன.

"ஒரே வட்டத்தில பிறந்ததுங்க. ரெண்டும் சண்டை போட்டுக்காது" என்றான் வென்டல்.

மூடி விளிம்பெல்லாம் ரெசின் அப்பிக்கொண்டு வீடு திரும்பியது. அன்றைக்கு ஒலிண்டா போட்ட சத்தம் துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும். "இந்த வீட்டில ஒரு சட்டிக்குப் பாதுகாப்பு இருக்கா? எதுக்குடா எடுத்தே? சொல்லித் தொலை." அவன் சொன்னான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கத்தியால் சுரண்டிப் பார்த்துவிட்டு, வாயில் வந்ததையெல்லாம் குறைவைக்காமல் திட்டி முடித்து, அதே மூடியால் சட்டியை மூடினாள்.

ஒட்டியது காய்ந்ததும் எடுத்துக்கொண்டு போனார்கள். மலைமுகட்டுக்குக் கீழே, பையன்கள் 'சலவைக்கல்' என்று பெயர் வைத்திருந்த பாறைத்திட்டு. வென்டல் முதலில் போனான். ஒரே ஓர் அலை. நீந்தி வந்து, பலகையை ஆர்மண்டிடம் தள்ளினான். அவன் உதடு நடுங்கியதைக் குளிரினால் என்றுதான் ஆர்மண்ட் நினைத்தான்.

அடுத்த அலையில் அவனுக்கே தெரிந்தது.

சும்மா சொல்லக் கூடாது, ஐந்து வருஷமாக அலையேறுகிறவன். அலை என்றால் பின்னாலிருந்து தள்ளும், நாம் போவோம், அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த கணக்கு. இதில் தள்ளுதலே இல்லை. பலகை தானாகக் கிளம்பிவிட்டது. பழக்கதோஷத்தில் எழுந்து நின்றான். இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தான். அந்தப் பக்கத்துச் செட்டை தண்ணீரைக் கவ்வியது, கூடவே வேகம் ஏறியது. வலப்பக்கம் சாய்ந்தான். இன்னும் ஏறியது. சாய்ந்தால் வேகம் குறையும் என்றல்லவா இத்தனை நாள் நம்பியிருந்தான். காலுக்கடியில் 'ம்ம்ம்' என்று மெல்லிசாக ஒரு முனகல், இரண்டு செட்டையும் சேர்ந்து பாடுகிற மாதிரி. குனிந்து பார்த்தான். பின்னால் பச்சைத் தண்ணீரில் இரண்டு கோடுகள், பக்கத்தில் பக்கத்தில், அலை முழுக்க நீண்டு கிடந்தன. அலை தீர்ந்த பிறகும் பலகை தீரவில்லை, சமுத்திரத்தின்மேல் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

தண்ணீரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பயமாகக்கூட இருந்தது.

"என்னடா இது" என்றான், வென்டல் நீந்தி வந்ததும்.

"எனக்கும் தெரியலை" என்றான் வென்டல். "நீ நின்னே. நான் இதை நிக்கறதுக்குச் செய்யவே இல்லையே."

அன்றிலிருந்து பத்தடிப் பலகை ஆர்மண்ட் வீட்டு வேலியோரம் சாய்ந்தபடி சிலந்திவலை கட்டியது. புதுசின்மேல் அவன் கிறங்கிக் கிடந்தான். அம்மா எழுப்புவதற்கு முன்னால் தானே எழுந்து ஓடினான். மகன் இத்தனை அக்கறையாக உயிரைக் காப்பாற்றிக்கொள்கிறானே என்று அவளுக்கும் பெருமை. ஆனால் குட்டைப் பலகையில் மண்டி போட்டுத் துழாவ முடியாது. போட்டால் மூழ்கிவிடும். குப்புறப் படுத்துத்தான் போக வேண்டும். புடைப்பு வளர்வது மண்டி போட்டுப் போகும் அந்த மணிக்கணக்கில்தான். இது ஆர்மண்டுக்கும் தெரியும். தெரிந்தும், நாலு அலைக்கு ஓர் அலை வென்டல் மாதிரி மண்டி போட்டு ஓட்டிவிட்டு, மண்டிதானே, எல்லாம் ஒன்றுதான் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டான். அலையேறும் பையன் ஒருத்தனைத் தவிர வேறு எவனும் அப்படி ஒரு முட்டாள் சமாதானம் சொல்லிக்கொள்ள மாட்டான்.

கிறிஸ்துமஸ் வந்தது, ஆலையில் வேலை நெருக்கடி, வெள்ளிக்கிழமைப் பரிசோதனை சில வாரம் விட்டுப்போயிற்று. ஜனவரியில் ஒலிண்டா அவனை மறுபடி நாற்காலியில் உட்காரவைத்தாள். கட்டைவிரலை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"இது என்னடா?"

"என்னம்மா?"

"பஞ்சு மாதிரி அமுங்குது. எங்கே போச்சு?"

"தினம் மண்டி போட்டுத்தாம்மா ஓட்டறேன்."

"பொய் சொல்லாதே. ஒரு நாள் விட்ட மீனையே கண்டுபிடிச்சிடுவேன், இது ரெண்டு மாசம் விட்ட கால்." எழுந்து போய் ஜன்னல் வழியாக வேலியைப் பார்த்தாள். பலகையில் கட்டியிருந்த சிலந்திவலை வெயிலில் பளபளத்தது.

"அந்த ரெண்டு செட்டைச் சனியன்தானே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஒலிண்டா பாவாடையை முழங்காலுக்குமேல் இழுத்துக் காட்டினாள். இரண்டு முட்டியும் கறுத்துத் தடித்துப்போயிருந்தன. "ஆகஸ்டிலேருந்து தினம் கோயில்ல உனக்காக முழங்கால் போடறேன். எனக்கு வந்திருக்கு பாரு காய்ப்பு. உனக்கு வரலை." குரல் ஏறவில்லை. திட்டியிருந்தால் அவன் தாங்கிக்கொண்டிருப்பான்.

மறுநாளே பலகையை வென்டல் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தான். "பூட்டி வை. நானே வந்து கெஞ்சினாலும் கொடுக்காதே" என்றான். வென்டல் சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

பத்தடிப் பலகையைத் துடைத்து எடுத்துக்கொண்டு, வேலை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் துழாவினான். அலையேறவில்லை. பாசிக்காட்டுக்கு வெளியே, கரையோரமாகவே, முட்டியும் புறங்காலும் எரிய எரிய மேலேயும் கீழேயும் போய்வந்தான். அம்மா ரொட்டியும் கார சாசேஜும் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். "ஊர்ல எவளாவது இப்படி மகனுக்குச் சோறு கட்டிக் கொடுத்துக் கடல்ல சுத்திட்டு வாடான்னு அனுப்புவாளா? என் தலையெழுத்து" என்று சிரித்தாள்கூட. புடைப்பு மெல்ல மெல்லத் திரும்ப ஆரம்பித்தது. கட்டைவிரல் அதை ஒத்துக்கொண்டது. "விடாதே. இப்படியே போனா பூட்ஸ் நாடா கட்ட முடியாது" என்றாள்.

அப்போது பார்த்து வடமேற்கிலிருந்து அலை வந்தது.

அந்தக் குளிர்காலத்தின் பெரிய அலை அதுதான். ராத்திரியிலேயே வீட்டு ஜன்னல்கள் அதிர்ந்தன. காலையில் மலைமுகட்டில் நின்று பார்த்தபோது சலவைக்கல்லில் அலை மேல் அலையாக, ஒரே அளவில், தலைக்கும் மேலே சுருண்டு சுருண்டு வந்துகொண்டிருந்தது. அந்த அலையில் பாதி வழியில் ஓர் இடம் உண்டு. சுவர் முழுக்க ஒரே சமயத்தில் நிமிர்ந்து விழும். 'கேட்' என்பார்கள். அதை யாரும் தாண்டியதில்லை. தாண்ட முடியாது என்று தெரிந்துதான் எல்லாரும் அதற்கு முன்னாலேயே விலகிவிடுவார்கள். அதற்கப்பால் அலை இன்னும் நெடுந்தூரம் போனது, ஆளில்லாமல், வருஷா வருஷம்.

ஆர்மண்ட் தன் நீளப் பலகையில் மண்டி போட்டபடி வெளியே துழாவிக்கொண்டே பார்த்தான். பார்க்காமல் இருந்திருக்கலாம். வென்டல் அந்தக் குட்டைப் பலகையில் வந்தான். கேட் வரைக்கும் வந்து உருண்டு போனான். மறுபடி வந்தான். மறுபடி உருண்டான். மண்டி போட்டவனால் அந்த வேகத்தை முழுக்க வாங்க முடியவில்லை.

எழுந்து நின்றால் தாண்டிவிடலாம் என்று ஆர்மண்டின் காலுக்குத் தெரிந்தது. கெட்டித்துக்கொண்டிருந்த அதே காலுக்கு.

அன்று சாயங்காலம் கொட்டகைக்குப் போனான். வென்டல் கதவருகே நின்று தலையை ஆட்டினான்.

"கொடுக்காதேன்னு நீதான் சொன்னே."

"சொன்னேன்."

"உங்கம்மா என்னைக் கொன்னுடுவா."

"இந்த அலை திரும்பி வராது வென்டல். அஞ்சு நாளுக்குத்தான் இருக்கும். அஞ்சு நாள்ல என்ன வடிஞ்சிடப் போகுது?"

வென்டல் பூட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சட்டைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்தான். அது கேட்டைத் தாண்டுமா என்று அவனுக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, பாவம்.

ஐந்து நாளும் ஆர்மண்ட் போனான். ஐந்து நாளும் கேட் அவன் முகத்தில் சாத்திக்கொண்டது. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு கை தூரத்தில். ஒருமுறை சுவர் விழும்போது அதற்குள்ளேயே இருந்தான். பச்சைக் கூரை தலைக்குமேல் போனது, வெளிச்சம் தெரிந்தது, அப்புறம்தான் செட்டை விட்டுக் கொடுத்தது. கரைக்கு உருட்டித் தள்ளப்பட்டு, மூக்கில் உப்பு ஏற, பாறையைப் பிடித்துக்கொண்டு அவன் செய்தது என்ன தெரியுமா? சிரித்தான். அத்தனை பெரிய ஒன்றின் வாசலில் தன்னை நிற்கவிட்டார்களே என்று ஆனந்தமாக இருந்தது. அலை ஓய்ந்ததும் திரும்ப நீளப் பலகைக்குப் போனான். பரிசோதனைக்கு அதற்குமேல் அவகாசம் இல்லை. கட்டைவிரல் மறுபடி அழுத்தியது. இந்தத் தடவை 'கல்லு மாதிரி' என்று சொல்லாமலே ஒலிண்டா அடுப்படிக்குப் போனாள்.

லாஸ் ஏஞ்சலஸில் அதே டாக்டர். அதே மாதிரி பூட்ஸ். ஆர்மண்ட் காலை நுழைத்தான். புறங்கால் கொஞ்சம் முரண்டியது, வலித்தது, பிறகு உள்ளே போய்விட்டது. நாடாவை இழுத்துக் கட்டச் சொன்னார். கட்டினான்.

"என்ன தம்பி, கடல் வத்திப்போச்சா?" என்றார் டாக்டர்.

"இல்லை சார். கடல் நல்லாத்தான் இருந்துச்சு."

பஸ் சான் டியாகோ வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அம்மா காரோடு நின்றிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள், காரைக் கிளப்பினாள். "மீன் பொரிச்சு வச்சிருக்கேன்" என்றாள் பாதி வழியில். எப்போது கூப்பிடுவார்கள் என்றுகூடக் கேட்கவில்லை. ஏப்ரலில் என்று அவனாகத்தான் சொன்னான்.

மறுநாள் விடியுமுன்னே போர்வை உருவப்பட்டது.

"எழுந்திருடா."

"இனிமே எதுக்கும்மா?"

"காத்து கிழக்கேருந்து வருது. கடலும் ராத்திரியே சத்தம் போட ஆரம்பிச்சிடுச்சு, எனக்குக் கேட்காதா? போ. அந்தச் சனியனையே எடுத்துட்டுப் போ."

அவன் எழுந்து உட்கார்ந்து அவளைப் பார்த்தான். அவள் ஆலைக்குப் போகும் வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டிருந்தாள், முதுகைக் காட்டியபடி.

கொட்டகையில் வென்டல் தூங்காத முகத்தோடு இருந்தான். "என்னாச்சு" என்று கேட்கவில்லை. ஒலிண்டா சொல்லியிருக்க வேண்டும். பலகையைக் கவிழ்த்துக் காட்டினான். செட்டைகள் இரண்டையும் அறுத்தெடுத்து மறுபடி ஒட்டியிருந்தான்.

"நீ லாஸ் ஏஞ்சலஸ் போனப்ப கை சும்மா இருக்க மாட்டேன்னிடுச்சு. இதுவரைக்கும் ரெண்டையும் பலகைக்கு நேரா வச்சிருந்தோம். இப்ப பலகையோட மூக்கைப் பார்த்து இம்மி உள்பக்கம் திருப்பியிருக்கேன். கேட் கிட்ட அது ஏன் விட்டுக்கொடுக்குதுன்னு யோசிச்சுப் பார்த்தேன். சரியாவும் இருக்கலாம், தப்பாவும் இருக்கலாம்."

"இம்மிதானே."

"இம்மிதான்."

சலவைக்கல்லில் ஆள் இல்லை. கிழக்குக் காற்று அலையின் உச்சியைப் பின்னாலே சீவித் தள்ளிக்கொண்டிருந்தது. வென்டல் பாறைமேல் உட்கார்ந்துகொண்டான், நல்ல கண் அலைப் பக்கம் இருக்கும்படி. ஆர்மண்ட் காத்திருந்து, இரண்டை விட்டுவிட்டு, மூன்றாவதை எடுத்தான்.

எழுந்து நின்றதுமே தெரிந்தது, இது வேறு. முன்பு வேகமாக இருந்தது இப்போது காலுக்கு அடங்கியும் இருந்தது. சாய்ந்தான், ஏறினான், இறங்கினான், எங்கே போக நினைத்தானோ நினைப்பு முடிவதற்குள் பலகை அங்கே இருந்தது. முன்னால் சுவர் நிமிர்ந்தது. கேட். மொத்தமாக விழப் போகிறது. எப்போதும் அந்த இடத்தில் அவன் உடம்பு தானாகவே குறுகும். இந்தத் தடவை குறுகவில்லை. குனிந்து, உள்பக்கச் செட்டையின்மேல் முழு எடையையும் வைத்தான். அது பிடித்தது. விட்டுக்கொடுக்கும் என்று காத்திருந்தான். விட்டுக்கொடுக்கவில்லை. கூரை தலைக்குமேல் வந்து மூடியது, சத்தம் நின்றுபோயிற்று, அந்த முனகல் மட்டும் கேட்டது. ஏப்ரல் இல்லை, பூட்ஸ் இல்லை, அவன்கூட இல்லை. அப்புறம் வெயில்.

யாரும் போகாத அலை அவன் முன்னால் நீண்டு கிடந்தது. அவன் அதில் போனான். கடைசி வரைக்கும், கூழாங்கல் கரை தட்டும் வரைக்கும் போனான். கண்ணில் தண்ணீர் வழிந்தது, கடல்தண்ணீர் மட்டுமில்லை அது.

பலகையைத் தூக்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் ஏறினான். மேலே, விளிம்பில், வெள்ளை அங்கியோடு அம்மா நின்றிருந்தாள். செருப்பு இரண்டும் கையில் இருந்தன. அவன் அலையேறுவதை அவள் பார்க்க வந்தது அதுதான் முதல் தடவை. வேலைக்கு நேரமாகிவிட்டிருந்தது.

"அந்தத் தண்ணி மூடிக்குள்ளே போனியே, அங்கேயே போயிட்டேன்னு நினைச்சேன்" என்றாள்.

"எனக்கும் அப்படித்தாம்மா இருந்துச்சு."

அவள் செருப்பைக் கீழே போட்டுவிட்டுப் பலகையை வாங்கித் திருப்பினாள். இரண்டு அரைநிலாக்களையும் பார்த்தாள். கட்டைவிரலை ஒன்றின் விளிம்பில் வைத்து, அடியிலிருந்து நுனிவரை மெல்ல ஓட்டினாள். பிறகு மற்றதில்.

"என் சட்டி மூடிதானே இது?"

"ஆமாம்மா."

"ரெண்டு பாதியும்?"

"ஆமாம்."

அவள் அதை அழுத்திப் பார்த்தாள். கல்லு மாதிரி இருந்தது. கீழே சலவைக்கல்லில் இன்னோர் அலை நிமிர்ந்து, சாத்திக்கொண்டு, ஆளில்லாமல் போனது. அவள் அது கரை சேரும் வரைக்கும் கண்ணெடுக்காமல் பார்த்தாள். வாய் திறந்தே இருந்தது, கோயிலில் கடைசி மணி அடிக்கும்போது இருக்கிற மாதிரி.

"நான் வந்திருக்கவே கூடாது" என்றாள், பலகையை அவனிடம் கொடுக்காமலே. "இதைப் பார்க்காம இருந்திருந்தா, பட்டாளத்திலேருந்து நீ திரும்பி வர்ற வரைக்கும் உன்னைத் திட்டிக்கிட்டாவது இருந்திருப்பேன். இப்ப அதுக்கும் வழியில்லாமப் பண்ணிட்டியேடா."